பழைய ஆக்டிவ் ஸ்பீக்கருக்குப் புது மின்னணு: முதன்முறை கழற்றுபவர்களுக்கு

இருபது, முப்பது வருடங்களுக்கு முன் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இசைப் பிரியர்களின் வீடுகளிலும் கோலோச்சிய உயர்ரக ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பழுதாகி மூலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று ஆன் ஆவதே இல்லை. ஒன்று ஓயாமல் உறுமுகிறது. இன்னொன்றில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் விட்டுவிட்டுப் பாடுகிறது. கழற்றிப் பார்த்தால் பெட்டி உறுதியாக இருக்கும், தாழ்ந்த ஒலிகளுக்கான வூஃபரும் ட்வீட்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உயிர் போனது பின்பக்கத்து மின்னணுப் பகுதிக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட ஸ்பீக்கரைக் குப்பையில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கொஞ்சம் பொறுமையும் சில கருவிகளும் இருந்தால் அதைத் திரும்பப் பாடவைக்க முடியும்.

முதலில் ஆக்டிவ் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சாதாரண பாஸிவ் ஸ்பீக்கரில் ஒரே ஆம்ப்பிலிருந்து வரும் மின்சாரம் பெட்டிக்குள் இருக்கும் காயில், கெப்பாசிட்டர் வழியாகப் பிரிந்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் போகிறது. ஆக்டிவ் ஸ்பீக்கரில் சிக்னல் சிறியதாக இருக்கும்போதே பிரிக்கப்படுகிறது. பிரிந்த ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப், அதன் முனையில் நேரடியாக ஒரு டிரைவர், அதாவது வூஃபரோ ட்வீட்டரோ. பிரிக்கும் அந்த ஃபில்டர் போர்டு வெறும் பிரிப்பு வேலையோடு நிற்பதில்லை. வூஃபரின் அடிமட்ட பாஸைத் தூக்கிவிடும், ட்வீட்டரின் மேடுபள்ளங்களைச் சமன் செய்யும், இரண்டுக்கும் இடையே அளவை வைக்கும், சிலவற்றில் சிறு தாமதமும் சேர்க்கும். அந்த ஸ்பீக்கரின் குரல் அந்த போர்டில்தான் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான். ஆம்ப்பை மாற்றலாம், பவர் சப்ளையை மாற்றலாம், எல்லாவற்றையும் டிஎஸ்பிக்கு, அதாவது ஃபில்டர் வேலையை டிஜிட்டலாகச் செய்யும் சிப்புக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பழைய ஃபில்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அளந்து சேமிக்காமல் எதையும் பிடுங்காதீர்கள். பிடுங்கிய பிறகு அந்தக் குரலைத் தேடிக் கண்டுபிடிப்பது மாதக்கணக்கான வேலை.

உயிர் முக்கியம்

230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையின் முதன்மைப் பக்கத்தில், அதாவது மெயின்ஸ் நுழையும் பக்கத்தில், சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையில் பிளஸ், மைனஸ் 30 முதல் 60 வோல்ட் வரை இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் இந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும். திருப்புளியை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 1 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, வெளியே தெரியும் கம்பிகளை நன்றாக இன்சுலேட் செய்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் பிடியுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

ஸ்விட்ச் மோட் சப்ளையின் முதன்மைப் பக்கம் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதது. ஆஸிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால் நேராக ஷார்ட்தான். புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கத்தைப் பழுதுபார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. முழு சப்ளையையும் மாற்றிவிடுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று: ஹம் போகவேண்டும் என்று எர்த் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. உலோக பேனல் உள்ள ஸ்பீக்கரில் அது உயிருக்கு ஆபத்து. எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

பழுது எங்கே என்பதை அந்த ஸ்பீக்கரே பாதி சொல்லிவிடும். தாழ்ந்த ஹம் கேட்கிறது என்றால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களையோ எர்த் இணைப்பையோ சந்தேகப்படுங்கள். ஆன் செய்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சரியாகப் பாடுகிறது என்றால் காய்ந்துபோன கெப்பாசிட்டர், அல்லது விரிசல் விட்ட சால்டர். மெதுவாக வைத்தால் சத்தம் இல்லை, வால்யூமைக் கூட்டியதும் சட்டென்று உயிர் வருகிறது என்றால் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். பின்பக்கத்தை லேசாகத் தட்டினால் கரகரக்கிறது என்றால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. ஃபியூஸ் போயிருந்தால் அதையும் உற்றுப் பாருங்கள். கண்ணாடி முழுக்கக் கறுத்து, வெள்ளிப் பூச்சு படிந்திருந்தால் உள்ளே பெரிய ஷார்ட் இருக்கிறது. கம்பி மட்டும் அமைதியாக அறுந்திருந்தால் வயதாகி அறுந்திருக்க வாய்ப்புண்டு.

உங்களிடம் ஜோடி இருக்கிறது, இரண்டும் ஒரே மாடல் என்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. இரண்டின் பின்பேனலையும் பெட்டி மாற்றி மாட்டுங்கள். பழுது பேனலோடு சேர்ந்து போனால் மின்னணுவில் குறை, பெட்டியிலேயே தங்கினால் டிரைவரில் குறை. சோதனை முடிந்ததும் பழையபடியே மாட்டிவிடுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பேனலையும் அதனோடு சேர்ந்த டிரைவர்களுக்கு ஏற்றபடி தொழிற்சாலையிலேயே டிரிம் செய்திருப்பார்கள்.

டிரைவரை மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 5.5 முதல் 7 வரையும், 4 ஓம் என்று எழுதியிருப்பது 3 முதல் 3.5 வரையும் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் வாய்ஸ் காயில் அறுந்துவிட்டது. வூஃபர் கோனை இரு பக்கமும் விரல்களால் சமமாக அழுத்தி மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசும் ஓசை வரக்கூடாது.

குரலைச் சேமித்தல்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். வேண்டியது ஒரு லேப்டாப், இரண்டு உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு மென்பொருள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கரின் உள்ளீட்டுக்குத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஏறும் ஒரு ஸ்வீப் சிக்னலை அனுப்பி, ஒவ்வொரு ஆம்ப்பும் தன் டிரைவருக்கு என்ன கொடுக்கிறது என்பதை வோல்ட்டேஜாகத் திரும்பப் படிக்கிறோம். மைக் இன்னும் தேவையில்லை.

ஆம்ப்பின் வெளியீட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் இன்டர்ஃபேஸ் போய்விடும். நடுவே 10 கிலோஓம், 1 கிலோஓம் இரண்டையும் கொண்டு ஒரு வோல்ட்டேஜ் டிவைடர் கட்டுங்கள். அது சிக்னலைப் பதினொன்றில் ஒரு பங்காக, அதாவது சுமார் 21 டெசிபல் குறைத்துக் கொடுக்கும். சிக்னலின் அளவையும் தாழ்த்தியே வையுங்கள். கூடுமானால் டிரைவர்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைப் போட்டு அளப்பது நல்லது. ட்வீட்டருக்கும் ஆபத்தில்லை, காதுக்கும் தொல்லையில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆம்ப்கள் பிரிட்ஜ் முறையில் கட்டப்பட்டவை. அவற்றில் டிரைவருக்குப் போகும் இரண்டு கம்பியிலும் சிக்னல் இருக்கும், கறுப்புக் கம்பி கிரவுண்ட் ஆகாது. அதை இன்டர்ஃபேஸின் கிரவுண்டோடு சேர்த்தால் ஆம்ப் எரியும். பவரை அணைத்துவிட்டு, கறுப்புக் கம்பிக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். ஏறத்தாழ பூஜ்யம் காட்டினால் மட்டுமே மேலே சொன்ன முறையில் இணைக்கலாம். இல்லையென்றால் ஃபில்டர் போர்டிலிருந்து ஆம்ப்புக்குள் நுழையும் இடத்தில் அளந்துகொள்ளுங்கள்.

முதல் அளவை எடுத்ததிலிருந்து கடைசி அளவை முடியும்வரை இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைத் தொடவே கூடாது. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையிலான அளவு வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய தங்கம், குமிழ் நகர்ந்தால் அது தொலைந்துவிடும். சிக்னலின் அலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் பேஸ் (phase) வரைபடத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். சில வடிவமைப்புகளில் ஒரு டிரைவர் வேண்டுமென்றே தலைகீழ் துருவத்தில் இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்க டிரிம், சின்ன ஸ்விட்சுகள் எந்த நிலையில் இருந்தன என்பதைப் படம் எடுத்து வையுங்கள். அதே ஸ்வீப்பை இன்னும் 10 டெசிபல் கூட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளைவு மாறினால் உள்ளே உச்ச அளவைத் தடுக்கும் ஒரு லிமிட்டரோ, அளவுக்கேற்ப பாஸை மாற்றும் சுற்றோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ஸ்பீக்கர் பேச்சுமூச்சின்றிக் கிடக்கிறதா, அதன் ஜோடியை அளந்துகொள்ளுங்கள். இரண்டுமே செத்துவிட்டால் சர்வீஸ் மேனுவலில் உள்ள சர்க்யூட்டைப் பார்த்து, எல்டிஸ்பைஸ் போன்ற இலவச மென்பொருளில் ஃபில்டர் பகுதியை மட்டும் வரைந்தால் அதே வளைவு கிடைத்துவிடும்.

எது கெட்டிருக்கும்

பத்தில் ஒன்பது நேரம் முதல் குற்றவாளி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். இதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு. 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டரை 65 டிகிரியில் ஓட்டினால் 32,000 மணி நேரம். இரவும் பகலும் அணைக்காமல் வைத்தால் அது நாலு வருடம்கூட இல்லை. அதே இடத்தில் 85 டிகிரி கெப்பாசிட்டர் போட்டிருந்தால் 8000 மணி நேரம், ஒரு வருடத்துக்கும் குறைவு. அந்தக் கணக்கு முடிந்த மறுநாளே கெப்பாசிட்டர் சாகாது, தரம் இறங்கத் தொடங்கும். ஆனாலும் ஹீட் சிங்குக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வைக்கப்பட்ட கெப்பாசிட்டர்கள் ஏன் முதலில் போகின்றன என்பது இதிலிருந்து புரியும்.

மேல்பகுதி உப்பியிருந்தால் கண்ணாலேயே தெரியும். உப்பாமலும் கெட்டிருக்கலாம், அதற்குக் கெப்பாசிட்டரின் உள்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் வேண்டும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. ஸ்விட்ச் மோட் சப்ளையில் குறைந்த இஎஸ்ஆர் வகைதான் போடவேண்டும். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரை இரண்டு மடங்காக்கினால் பாஸ் நன்றாக வரும் என்று சொல்வார்கள். ஆன் செய்யும் கணத்தில் பாயும் மின்சாரம் அதற்கேற்பக் கூடி, ரெக்டிஃபையரையும் ஃபியூஸையும் தின்றுவிடும். பழைய அளவே போதும்.

ஃபில்டர் போர்டில் இருக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களைத் தொடாதீர்கள். பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் வகைகள் இப்படி வயதாவதில்லை. அவற்றில் பல 1 அல்லது 2 சதவீதத் துல்லியத்துக்குப் பொறுக்கி எடுத்துப் போடப்பட்டவை. புதுசாக இருக்கட்டுமே என்று மாற்றினால், வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலி பிரியும் கிராஸ்ஓவர் புள்ளி நகர்ந்துவிடும். சிறு சிக்னலைக் கையாளும் ஆப்ஆம்ப் சிப்களும் அப்படித்தான். என்இ5532 இருந்த இடத்தில் வேகமான புது ஆப்ஆம்ப்பைச் செருகினால், அந்தப் பழைய போர்டின் அமைப்பில் அது காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடத் தொடங்கலாம். கேட்காத அந்த ஊசலாட்டம் ட்வீட்டரைச் சுட்டுவிடும்.

1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த டிஜிட்டல் போர்டுகளில் இன்னொரு பிரச்சினை. அதில் உள்ள சின்ன எஸ்எம்டி எலக்ட்ரோலிட்டிக்குகள் ஒழுகி, போர்டின் செம்புத் தடங்களை அரிக்கும். சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன்வாடை அடித்தால் ஒழுகியிருக்கிறது என்று பொருள். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு தேய்த்துக் கழுவி, தடங்கள் அறுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க அந்தக் காலத்தில் ஒரு மஞ்சள் பசையை ஊற்றியிருப்பார்கள். வெப்பத்தில் பல வருடம் இருந்து பழுப்பாகிவிட்டால் அந்தப் பசையே மின்சாரத்தைக் கடத்தும், கம்பிக் கால்களையும் அரிக்கும். விளக்கமே கிடைக்காத கரகரப்புக்கு இது காரணமாக இருப்பதுண்டு. பொறுமையாகச் சுரண்டி எடுங்கள்.

மெயின்ஸ் நுழையும் இடத்தில் கண்ணாடி போன்ற உறைக்குள் காகித வகை எக்ஸ்2 கெப்பாசிட்டர் இருந்தால், விரிசல் இருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். ஈரம் புகுந்து, ஒரு நாள் புகையைக் கக்கிக்கொண்டு வெடிக்கும். பதிலுக்குப் போடுவதும் பாதுகாப்புச் சான்று பெற்ற எக்ஸ்2 வகையாக இருக்கவேண்டும். ஒய் வகை இருந்த இடத்தில் சான்று பெற்ற அதே ஒய் வகை மட்டுமே.

பெட்டிக்குள் ஓயாத அதிர்வு. அதனால் ரெகுலேட்டர், பவர் டிரான்சிஸ்டர், கனெக்டர் கால்களைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய விரிசல் விழும். பூதக்கண்ணாடியில் பார்த்து, புது ஈயத்தோடு மறுபடி சால்டர் செய்யுங்கள். பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். 2006க்குப் பிறகு வந்த பெரும்பாலான கருவிகளில் ஈயமில்லாத சால்டர், அது சுமார் 217 டிகிரி கேட்கும். ரிலேயின் முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவேண்டாம், பூச்சு போய்விடும். புது ரிலேயே போடுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு மெல்லியதாகப் புதிது தடவுங்கள். டிரிம் குமிழ்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை சுழற்றினால் போதும்.

டிரைவர்களில் பார்க்கவேண்டியது இரண்டு. வூஃபரின் விளிம்பு பாலியூரித்தேன் ஃபோம் என்றால் பத்து, இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு இதைவிட நெடுங்காலம் தாங்கும். புது ஃபோம் ஒட்டும்போது 20, 30 ஹெர்ட்ஸ் மெல்லிய சிக்னலை ஓடவிட்டு, காயில் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒட்டவேண்டும். ட்வீட்டரின் இடைவெளியில் ஃபெரோஃப்ளூயிட் காந்தத் திரவம் இருந்தால் அது கெட்டியாகி ஒலியை மந்தமாக்கும். ஒற்றுத்தாளை அந்த இடுக்கில் விட்டு உறிஞ்சி எடுத்து, அதே பாகுத்தன்மையுள்ள புதுத் திரவத்தை அளவாக விடலாம். டோம் பெரிலியம் என்றால் விரல்கூடப் படவேண்டாம். உடைந்த பெரிலியத்தின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

முதல் மின்சாரம்

வேலை முடிந்ததும் நேராகச் சுவரில் செருகாதீர்கள். மெயின்ஸ் கம்பியோடு தொடராக 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்து அதன் வழியாக ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளையில் பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, பல்பு உங்கள் புதுப் பாகங்களைக் காப்பாற்றிவிட்டது. ஸ்விட்ச் மோட் சப்ளை பல்பு வழியாகச் சரியாகத் தொடங்காமல் விட்டுவிட்டுத் துடிக்கக்கூடும், அதைக் கோளாறு என்று எண்ணவேண்டாம்.

டிரைவர்கள் இன்னும் இணைக்கப்படவில்லை. பிளஸ், மைனஸ் சப்ளைகள் சமமாக இருக்கின்றனவா? ஆம்ப் வெளியீட்டில் டிசி எவ்வளவு? 20, 30 மில்லிவோல்ட் வரை கவலையில்லை. 100ஐத் தாண்டினால் டிரைவரை இணைக்காமல் காரணத்தைத் தேடுங்கள். பிறகு பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஆம்ப்பில் ஓடும் மின்சாரம். எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் காட்டினால் ஓடுவது 45 மில்லியாம்பியர். எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை மேனுவல் சொல்லும். எல்லாம் சரி என்றால் முதலில் போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஸ்பீக்கரை இணைத்துக் கேளுங்கள், அப்புறம்தான் நிஜ டிரைவர்கள்.

பழையதே போதுமா, புதிது வேண்டுமா

பழுதுபார்த்த ஆம்ப் நன்றாக ஓடினால் அதோடு நிறுத்திவிடுங்கள் என்பேன். மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு: உற்பத்தி நின்றுபோன டிடிஏ1514 போன்ற சிப்கள் எரிந்துபோவது, டிரான்ஸ்ஃபார்மர் கருகுவது, டிஎஸ்பி போர்டு செத்து அதன் மென்பொருளும் கூடவே போவது, வெப்பத்தால் திரும்பத் திரும்ப அதே பழுது வருவது. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் சும்மா இருக்கும்போதே சூடாகும். வேகமாக ஆன், ஆஃப் ஆகி இயங்கும் இன்றைய கிளாஸ் டி ஆம்ப், எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் அளவுக்கு டிரைவருக்குக் கொடுக்கிறது. அதனால் பெட்டி குளிர்ச்சியாக இருக்கிறது, கெப்பாசிட்டர்களும் நீண்ட நாள் உழைக்கின்றன.

ஒரு வகையை மட்டும் இப்படி மாற்றக்கூடாது. 1970களில் பிலிப்ஸ் வெளியிட்ட மோஷனல் ஃபீட்பேக் ஸ்பீக்கர்களில் வூஃபர் கோனிலேயே ஒரு உணரி இருக்கும். கோன் எப்படி அசைகிறது என்பதை ஆம்ப்புக்குத் திரும்பச் சொல்லும். சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பாஸ் வருவது அந்தச் சுற்றால்தான். அதைப் பிடுங்கிவிட்டுச் சாதாரண டிஎஸ்பி ஆம்ப் வைத்தால் அந்த வடிவமைப்பின் உயிர்நாடியே போய்விடும். இவற்றில் பழைய போர்டைப் பழுதுபார்ப்பது மட்டுமே சரி.

புது ஆம்ப் தேர்வு

டிஎஸ்பியும் ஆம்ப்பும் சப்ளையும் ஒரே தகட்டில் வரும் ஹைபெக்ஸ் ஃபியூஷன்ஆம்ப் போன்றவை புதியவர்களுக்கு எளிது. இருவழி ஸ்பீக்கருக்கு எஃப்ஏ122, மூவழிக்கு எஃப்ஏ123 அல்லது எஃப்ஏ253. மினிடிஎஸ்பி போன்ற தனி டிஎஸ்பி ஒன்றும் தனி ஆம்ப் மாட்யூல்களுமாகச் சேர்ப்பது அடுத்த வழி. ஏடிஏயு1701, ஏடிஏயு1452 சிப் போர்டுகளை சிக்மாஸ்டுடியோவில் நிரல் செய்வது மலிவு, ஆனால் கற்க நாளாகும்.

தொடக்ககாலக் கிளாஸ் டி ஆம்ப்களில் டிரைவரின் மின்தடைக்கு ஏற்ப உயர் அதிர்வெண் ஒலி கூடிக்குறைந்துகொண்டிருந்தது. பிலிப்ஸில் இருந்தபோது புரூனோ புட்சீஸ் உருவாக்கிய யூசிடி என்ற கிளாஸ் டி சுற்று, ஃபீட்பேக்கை வெளியீட்டு ஃபில்டருக்கு அப்பாலிருந்து எடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது. பின்னர் வந்த என்கோரும், பியூரிஃபையின் ஐகன்டாக்ட்டும் அதே வழியில் வெகுதூரம் போனவை. கிளாஸ் டி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இவற்றை ஒருமுறை கேட்கவேண்டும்.

வாட் எண்ணில் மயங்காதீர்கள். பழைய ஆம்ப் ட்வீட்டருக்கு 60 வாட் கொடுத்தது என்றால் 100 வாட் தாராளம். வூஃபருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம், ஏனென்றால் பாஸை 6 டெசிபல் தூக்கினால் நாலு மடங்கு சக்தி கேட்கும். ட்வீட்டர் உணர்திறன் மிக்கது என்றால் புது ஆம்ப்பின் உஸ்ஸென்ற இரைச்சல் உட்காரும் இடம்வரை கேட்கக்கூடும். குறைந்த கெயின் உள்ள மாட்யூலைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு மருந்து.

கிளாஸ் டி பழுதானால் முழு டிசியும் டிரைவருக்குப் பாயலாம். ட்வீட்டரைக் காக்க, தொடராக ஒரு நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். 6 ஓம் ட்வீட்டருக்கு 33 மைக்ரோஃபாரட் என்றால் அது சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும். 2500 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. மிச்சமிருக்கும் சின்ன வளைவை டிஎஸ்பியில் சரிசெய்துகொள்ளலாம்.

புதுத் தகடு பழைய ஓட்டைக்குப் பொருந்தாது, அநேகமாக எப்போதுமே. 3 மில்லிமீட்டர் அலுமினியத்தில் ஒரு இடைத்தகடு வெட்டி, சுற்றிலும் கேஸ்கட் வைத்துக் காற்றுப் புகாமல் அடையுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வூஃபரின் அறைக்குள்ளேயே இருந்திருந்தால், அது அடைத்திருந்த இடத்துக்குச் சமமான மரக்கட்டை ஒன்றை உள்ளே திருகிவிடுங்கள். பெட்டியின் கொள்ளளவு மாறினால் பாஸும் மாறும். டிரைவர் கம்பிகளை முறுக்கி, உள்ளீட்டுக் கம்பியிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

டிஎஸ்பிக்குள் பழைய குரல்

சேமித்த வளைவுகள் இப்போது வேலைக்கு வருகின்றன. ஒவ்வொரு வழிக்கும் கிராஸ்ஓவர், ஷெல்ஃப் (ஒரு முனை முழுவதையும் ஏற்றி இறக்குவது), பாராமெட்ரிக் (ஒரு இடத்தை மட்டும் ஏற்றி இறக்குவது) ஃபில்டர்களைப் போட்டு, புது ஆம்ப்பின் வெளியீட்டை அளந்து, பழைய வளைவின் மேல் வைத்துப் பாருங்கள். சில கிளாஸ் டி மாட்யூல்களும் பிரிட்ஜ் முறையில் கட்டப்பட்டவை என்பதால் மேலே சொன்ன ஓம் சோதனையை இங்கேயும் செய்துவிட்டே இணையுங்கள். பலவற்றில் பயன்பட்டிருப்பது லிங்க்விட்ஸ்-ரைலி நான்காம் வரிசை ஃபில்டர். அதில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு, கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கியிருக்கும். அந்த அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அரை டெசிபலுக்குள் பொருந்தும்வரை விடாதீர்கள். எங்கெல்லாம் தூக்கவேண்டியிருக்கிறதோ, அங்கே மொத்த அளவையும் அதற்கேற்ப இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டிஎஸ்பிக்குள்ளேயே சிக்னல் வெட்டுப்படும்.

பெட்டியில் போர்ட் எனும் காற்றுத் துளை இருந்தால், வூஃபர் ஆம்ப்பில் அதன் டியூனிங் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே, தாழ்ந்ததை வெட்டும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் அவசியம். அதற்குக் கீழே கோனைக் காற்று தாங்காது, கட்டுப்பாடின்றி அசையும். லிமிட்டரை பழைய ஆம்ப்பின் உச்ச வோல்ட்டேஜுக்கு வையுங்கள்.

இதெல்லாம் ஆன பிறகு மைக். யூமிக்-1 போன்ற அளவுத் திருத்தம் செய்யப்பட்ட மைக்கை ட்வீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில், ஸ்பீக்கரை அறையின் நடுவில் உயர்த்தி வைத்து அளங்கள். சுவரிலிருந்து திரும்பும் ஒலியை வெட்ட முதல் 5 மில்லிவினாடியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஜன்னல் வைத்தால் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் நம்பலாம். அதற்குக் கீழே, மைக்கை வூஃபர் கோனுக்கு அரை சென்டிமீட்டர் நெருக்கத்தில் வைத்துத் தனியாக அளங்கள். 20 சென்டிமீட்டர் வூஃபருக்கு அந்த அளவை சுமார் 600 ஹெர்ட்ஸ் வரை சரியாக இருக்கும். இரண்டையும் இணைத்தால் முழுப் படம் கிடைக்கும்.

பழைய வடிவமைப்பாளர்கள் பலரால் அன்று எளிதில் செய்ய முடியாத ஒன்றை இப்போது செய்யலாம். ட்வீட்டரும் வூஃபரும் ஒலி எழுப்பும் இடங்கள் முன்பின்னாக இருக்கும். 3 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு 87 மைக்ரோவினாடி தாமதம். ஆனால் பழைய வடிவமைப்பாளர் தன் அனலாக் ஃபில்டரின் பேஸிலேயே அதை ஈடுகட்டியிருக்கலாம். அதனால் பழைய வளைவோடு ஒரு பதிவைச் சேமித்துவிட்டு, தாமதம் சேர்த்த மாற்றத்தை வேறு பதிவில் செய்து, ட்வீட்டரின் துருவத்தைத் திருப்பிக் கிராஸ்ஓவர் புள்ளியில் எவ்வளவு ஆழமான பள்ளம் விழுகிறது என்று ஒப்பிடுங்கள். பள்ளம் ஆழமாகவும் சமச்சீராகவும் விழுந்தால் இரு டிரைவர்களும் சேர்ந்து பாடுகின்றன. அறையின் குறைகளை இந்த ஃபில்டரில் திருத்தப் போகாதீர்கள், அது தனிக் கட்டத்தில் செய்யவேண்டியது.

ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்த முடியாது. டிஎஸ்பி வழியாக வரும் சிக்னல் சற்றுத் தாமதமாகத்தான் வெளியே வரும். ஒரு மில்லிவினாடி என்பது ஸ்பீக்கரை 34 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியதற்குச் சமம், ஸ்டீரியோ பிம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரண்டையும் ஒரே மாட்யூல், ஒரே மென்பொருள் பதிப்பில் மாற்றுங்கள். டிரைவர்களுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் போடலாம்.

முடித்த பிறகு ஃபில்டர் அமைப்புக் கோப்பை ஒரு பென்டிரைவிலும், அதில் உள்ள எண்களைத் தாளில் அச்சடித்தும் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பழைய போர்டுகளுக்கு இடது, வலது என்று பெயர் எழுதி உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இன்னும் இருபது வருடம் கழித்து இந்தப் புது ஆம்ப்பும் பழையதாகும், அன்று பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.